கட்டுண்ட கைகள், கட்டுண்ணா மனம்: புனித தேவசகாயத்தின் வாழ்க்கை

ஞானோபதேச வகுப்பில் பாய் விரித்து உட்கார்ந்து பாடம் கேட்ட தலைமுறை நம் பங்கில் இன்னும் இருக்கிறது. குறிப்பிடத்தில் படித்த எத்தனையோ கேள்விகள் மறந்து போயிருக்கலாம். சாவான பாவத்துக்கு வேண்டிய மூன்று மட்டும் பெரும்பாலோருக்கு நினைவிருக்கும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும்; அது பாவம் என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்; தெரிந்தே முழு மனதோடு சம்மதித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. சிறு வயதில் முதல் நிபந்தனைதான் பெரிதாகத் தெரிந்தது. எது கனம், எது அற்பம் என்று பட்டியல் போடுவதிலேயே வகுப்பு முடிந்துவிடும். வயது ஏற ஏறத்தான் மூன்றாவது நிபந்தனையின் பெருமை விளங்குகிறது. மனிதன் சம்மதிக்கவும் மறுக்கவும் வல்லவன், அந்தச் சுயாதீனத்தைக் கடவுள் அவன் கையில் கொடுத்திருக்கிறார், ஆகவே அவனிடம் கணக்கும் கேட்பார் என்ற பெரிய சத்தியம் அந்தச் சிறிய பாடத்துக்குள் அடங்கியிருக்கிறது.

பெரியவர்களாகிய நாம் இந்தப் பாடத்தை மறப்பதற்கு இரண்டு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். ஒன்று விதி. கடன் ஏறினாலும் தலையெழுத்து, குடித்துக் குடும்பம் கெட்டாலும் தலையெழுத்து, வரதட்சணை பேசிப் பேசியே மகள் வாழ்வு பாழானாலும் தலையெழுத்து. மற்றொன்று மேலிடம். ராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்ப்பவரும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் தராசு பிடிப்பவரும் சரி, அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவரும் சரி, தவறு ஒன்று வெளிவந்துவிட்டால், மேலே சொன்னார்கள், நான் செய்தேன் என்பதுதான் முதலில் நாவில் வருகிறது. (பால்கோவாவில் பால் குறைந்தால் அதற்கும் பசுவின் தலையெழுத்துதான் காரணம் போலும்!)

நம் தாய்மொழி இதற்கு இடம் கொடுப்பதில்லை. பொறு என்ற வினையிலிருந்து வந்தது பொறுப்பு. பாரத்தைத் தாங்குபவனே பொறுப்புள்ளவன். பொறுமையும் அந்த வேரில் முளைத்ததுதான். மனிதன் தனக்குள்ளே கேட்கும் நீதியின் குரலுக்கு மனச்சாட்சி என்று பெயர் வைத்தோம். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை வேதசாட்சி என்று அழைத்தோம். இரண்டிலும் சாட்சி என்ற சொல் நிற்கிறது. உள்ளே இருக்கும் சாட்சிக்கு உண்மையாக இருந்தவர்தாம் வெளியே ஊரறியச் சாட்சி சொல்ல முடியும். அப்படி நின்ற ஒருவரைத் தேடி நாம் உரோமைக்கோ ஸ்பெயினுக்கோ போக வேண்டியதில்லை. யூபிலி என்ற சொல்லே பழைய ஏற்பாட்டில் அடிமைகள் விடுதலை பெற்று வீடு திரும்பும் ஐம்பதாம் ஆண்டைக் குறித்தது. நமது யூபிலி மலரில் சங்கிலியோடு நடந்த ஒரு சுதந்திர மனிதரின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமே.

மலைக்கு அப்பாலும் இப்பாலும்

நம் ஊர்களுக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் சதுரகிரியிலும் தலை நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடர் தெற்கே போகப் போகத் தாழ்ந்து, ஆரல்வாய்மொழி என்னும் கணவாயில் வழிவிடுகிறது. சங்கரன்கோவில், திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று பேருந்தில் போனால் அந்தக் கணவாயை அடைந்துவிடலாம். இன்று அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் அதுதான் இரண்டு உலகங்களின் எல்லை. அப்பால் திருவிதாங்கூர் அரசு. இப்பால் பாண்டிச் சீமை.

நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கருக்கு ஓர் அரண்மனை உண்டு என்பதை எல்லாரும் அறிவோம். அந்த நாயக்கர்களின் மதுரையில்தான் 1606-இல் சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி வந்து தங்கி மறை பரப்பினார். அவரைத் தொடர்ந்து வந்த மதுரை மிஷன் குருக்கள் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார்கள். காமநாயக்கன்பட்டியும் அதற்குத் தெற்கே வடக்கன்குளமும் அவர்கள் பணித்தளங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஒருவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம்தான் வந்தார். அந்த வகையில் நம் சீமையின் ஞானப்பிள்ளை அவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, தாய் தேவகி அம்மா. மருமக்கள்தாய முறைப்படி தாய்வீட்டில் வளர்ந்த நாயர் குலப் பிள்ளை. தமிழ், மலையாளம், வடமொழி ஆகியவற்றோடு போர்ப் பயிற்சியும் பெற்றார். மார்த்தாண்ட வர்மா மகாராஜா (1729-1758) சிற்றரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கித் திருவிதாங்கூரை விரிவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. தலைநகராகிய பத்மநாபபுரத்தில் நீலகண்டனுக்கு அரண்மனை உத்தியோகம் கிடைத்தது. பார்கவி அம்மாளை மணந்தார். பதவி, நிலபுலம், குலப்பெருமை எதற்கும் குறைவில்லை.

1741-இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்கள் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். ஐரோப்பியக் கும்பெனி ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் முறியடித்த பெரும் வெற்றி அது. அப்போது சிறைப்பட்டவர்களுள் எவுஸ்தாக்கியுஸ் தெ லனோய் என்பவர் ஒருவர். டச்சுக் கும்பெனியில் வேலை பார்த்தாலும் அவர் கத்தோலிக்கர். மன்னர் அவருடைய திறமையைக் கண்டு தம் படைக்கே பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பத்மநாபபுரத்தை அடுத்த உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றது. அங்கேதான் நீலகண்டனுக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டு நட்பாக முதிர்ந்தது.

அந்நாட்களில் நீலகண்டனின் குடும்பத்துக்கு அடுத்தடுத்துப் பொருள் இழப்பு நேர்ந்தது. கால்நடைகள் மாண்டன, பயிர் பொய்த்தது. தெய்வக் குற்றமோ, கிரகக் கோளாறோ, முன்வினையோ என்று அவர் மனம் கலங்கிற்று. தெ லனோய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். யோபு மந்தைகளை இழந்தார், மக்களை இழந்தார், உடல் நலத்தையும் இழந்தார். குற்றம் செய்ததால்தான் இது வந்தது என்று நண்பர்கள் வாதாடினார்கள். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. துன்பம் எல்லாம் தண்டனை என்ற கணக்கை அந்த நூல் உடைத்துவிடுகிறது. மனிதனுக்கு நேர்வது அவன் கையில் இல்லாதிருக்கலாம். நேர்ந்ததற்கு அவன் கொடுக்கும் பதில் அவனுடையது. விதியின் பிடியில் தாம் இருப்பதாக எண்ணியிருந்த நீலகண்டனுக்கு இது புதிய கதவைத் திறந்தது என்று நினைக்கிறேன். அவர் மனமாற்றத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. புதுமைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அவர் போனார். மறையறிவு பெற்று, 1745 மே 14-ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். கடவுள் துணை என்று பொருள்படும் இலாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அப்போது அவருக்கு வயது 33. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. புதிய மறை அவருக்குப் பதவியோ பணமோ தருவதாக இல்லை. இருப்பதையும் பறித்துவிடும் என்பது அரண்மனையை அறிந்த அவருக்குத் தெரியாததன்று. குறிப்பிடம் சொல்லும் முழு அறிவும் முழுச் சம்மதமும் பாவத்துக்கு மட்டும்தானா? புண்ணியத்துக்கும் அவைதான் வேண்டும். தாயின் மடியில் கிடந்தபடி திருமுழுக்குப் பெற்ற நம்மில் பலர் அந்தச் சம்மதத்தை ஞானப்பெற்றோரின் வாயால் சொல்லிவிட்டோம். நம் வாயால் சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது வரத்தான் செய்கிறது.

பார்கவி அம்மாள் உடனே கணவரைப் பின்பற்றவில்லை. தயங்கினார், யோசித்தார். பின்பு தாமாகவே முன்வந்து வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவன் போன வழி மனைவி என்ற அக்கால வழக்கத்தில் இந்தத் தயக்கத்தை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அவர் தம் சம்மதத்தைத் தாமே கொடுத்தார்.

எது குற்றம்?

1749 பிப்ரவரி 23-இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ஏன்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மார்த்தாண்ட வர்மா கிறிஸ்தவர் என்ற காரணத்துக்காகவே எல்லாரையும் ஒடுக்கிய மன்னர் என்று சொன்னால் அது வரலாற்றுக்கு நியாயமாகாது. அவருடைய படைத்தளபதியாகிய தெ லனோய் கடைசிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். 1777-இல் இறந்தபோது உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே சிற்றாலயத்தில் அடக்கம் பெற்றார். அவருடைய கல்லறைக் கல்லில் இலத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. மரணத்துக்கு அரசியல் காரணங்கள் இருந்தன என்று வாதிடும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. ஆனால் கொச்சி ஆயர் 1756-இலேயே உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவை விசுவாசத்துக்காக நேர்ந்ததாகவே குறிப்பிட்டார். நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட சாட்சியம் அது.

அப்படியானால் ஒரே மன்னர், ஒரே மறை, ஒரே கோட்டை. ஒருவருக்குத் தளபதிப் பதவி, மற்றவருக்குத் துப்பாக்கிக் குண்டு. வேறுபாடு எங்கே? தெ லனோய் அந்நியர். அவர் யாரோடு அமர்ந்து உண்டாலும் நாட்டின் சாதி ஏணி ஆடுவதில்லை. தேவசகாயமோ ஏணியின் மேற்படியில் பிறந்தவர். அவர் இறங்கி வந்து, தீண்டத்தகாதவர், காணத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு ஒரே இலையில் பங்கிட்டதுபோலப் பழகினார். அவர்கள் வீடுகளில் உண்டார். அவர்களுக்கும் கடவுளுக்கும் நடுவில் தீட்டு இல்லை என்று போதித்தார். அவர் தம் விசுவாசத்தை வீட்டு மூலையில் இரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால் ஒருவேளை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். திருமுழுக்கினால் தமக்குக் கிடைத்த விடுதலை மற்றவர்களுக்கும் உரியது என்று அவர் கருதியதே அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. சுயாதீனம் என்பது தனக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் சொத்து என்று எண்ணியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

மூன்று ஆண்டுகள்

கைதானது முதல் சாகும் வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஒரு நொடியில் தலை வெட்டப்பட்டு முடிந்துபோன வேதசாட்சிகள் உண்டு. இவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. குற்றவாளிகளுக்கு உரிய எருக்கம்பூ மாலையை அணிவித்தார்கள். கையைக் கட்டி எருமையின் முதுகில் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். நேற்றுவரை வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் இன்று சிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாள்தோறும் அடிகள். புண்களிலும் மூக்கிலும் மிளகாய்ப் பொடி. பிறகு உச்சி வெயில். தாகத்துக்குத் தேங்கிய குட்டைத் தண்ணீர். நம் ஊர்ச் சந்தையில் மிளகாய் வற்றல் மூடை பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த நெடி தெரியும். அதைப் பிளந்த தோலில் தேய்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்ட அவர் செபித்துப் பாறையில் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக மக்கள் நம்புகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். இன்றும் திருப்பயணிகள் அந்தத் தண்ணீரை எடுத்துச் செல்கிறார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். வெயிலும் மழையும் பனியும் அந்த மரத்தடியில்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நோய்க்கு மருந்து கேட்டார்களாம். மன ஆறுதல் பெற்றுத் திரும்பினார்களாம். கட்டப்பட்டவரிடம் கட்டப்படாதவர்கள் ஆறுதல் தேடி வந்தார்கள் என்பதைவிடப் பெரிய புதுமை வேண்டுமா என்ன?

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அடியும் பயமும் மனிதனின் சம்மதத்தைக் குறைத்துவிடும் என்று திருச்சபையின் ஒழுக்க இயல் சொல்கிறது. வாதையின் கொடுமை தாங்காமல் ஒருவர் மறுதலித்துவிட்டால் அவர் பொறுப்பு, நிதானமாக உட்கார்ந்து மறுதலித்தவரின் பொறுப்பைப் போல ஆகாது. ஆகவே அந்நாட்களில் பயந்து பின்வாங்கிய யாரையும் நாம் இங்கிருந்து தீர்ப்பிடக் கூடாது. தேவசகாயம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதவி திரும்பியிருக்கும், மனைவி காத்திருந்தாள், வயதும் நாற்பதைத் தொடவில்லை. பெருமளவு மன்னிக்கத்தக்க நிலையில் இருந்த அவர், நாள்தோறும் பட்ட அடிக்குப் பின்னும், ஒவ்வொரு காலையும் எழுந்து மறுபடியும் அதே சம்மதத்தைக் கொடுத்தார். ஒருமுறை எடுத்த முடிவு மூன்று வருடங்களில் ஆயிரம் முறை எடுக்கப்பட்டது. கை கட்டப்பட்டிருந்த மனிதரைத்தான் அந்த நாட்டில் யாராலும் அசைக்க முடியவில்லை.

அவரைச் சுற்றி நின்றவர்களையும் பார்க்க வேண்டும். அடித்தவர்கள், எருமையை ஓட்டியவர்கள், மிளகாய் இடித்தவர்கள், காவல் நின்றவர்கள் எல்லாரும் சம்பளத்துக்கு வேலை செய்த சாதாரண மனிதர்கள். மேலிடத்து உத்தரவு என்பது அவர்கள் பதில். அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. மறுத்திருந்தால் அவர்கள் தலையும் உருண்டிருக்கலாம். ஆனாலும் அதே உத்தரவின் கீழ் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கவில்லை. நாளடைவில் மனம் இளகி அவர்மேல் இரக்கம் காட்டிய காவலர்கள் இருந்தார்கள் என்று மரபு சொல்கிறது. உத்தரவு ஒன்றுதான், கைகள் வேறு வேறு. மன்னரின் பொறுப்பு பெரிது, தூண்டிவிட்டவர்களின் பொறுப்பும் பெரிது. ஓங்கிய பிரம்பைக் கொஞ்சம் மெதுவாக இறக்குவதா வேண்டாமா என்பது மட்டும் கடைசிக் காவலனின் கையில் இருந்தது. மேலே சொன்னார்கள் என்று நாம் ஒதுங்கும்போது நமக்கென்று மிச்சம் இருப்பதும் பெரும்பாலும் அவ்வளவுதான். அது சிறிதென்று விட்டுவிடுகிறோம்.

காற்றாடிமலை

கடைசியாக ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நின்றால் கணவாய்க்கு அப்பால் அவர் திருமுழுக்குப் பெற்ற பாண்டிச் சீமை. எல்லை அத்தனை அருகில் இருந்தது. 1752 ஜனவரி 14-ஆம் நாள் இரவு காற்றாடிமலையில் ஏற்றி, செபிக்க அவர் கேட்ட சிறிது நேரத்தைக் கொடுத்து, சுட்டார்கள். வயது 39. அந்நேரம் பாறை ஒன்று விழுந்து மணிபோல ஒலித்ததாகச் சொல்வார்கள்; அந்த மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டிப் பார்க்காத திருப்பயணி இல்லை. உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் தேடிக் கண்டெடுத்த எலும்புகள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டன.

வரலாறு இங்கே முடிந்துவிட்டால் நமக்குச் சுலபம். மலரஞ்சலி செலுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் அவருக்கு நாம் செய்யும் மரியாதை பாதியாகிவிடும். 1872-இல் அங்கே எழுந்த பெரிய ஆலயம் ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து செல்லும் வடிவில் கட்டப்பட்டது. ஒரு காலில் ஒரு சாதியார், மறு காலில் மறு சாதியார், நடுவில் சுவர். பூசை ஒன்று, நற்கருணை ஒன்று, பார்வை மட்டும் படக்கூடாது. தீட்டு இல்லை என்று சொன்னதற்காக எருமைமேல் ஏற்றப்பட்ட மனிதர் ஞானப் பிறப்பு எடுத்த ஊரில், கிறிஸ்தவர்களாகிய நாமே எழுப்பிய சுவர் அது. அதற்கும் மேலிடம், வழக்கம், காலத்தின் கட்டாயம் என்று காரணங்கள் இருந்தன. 1910 வாக்கில் சேசு சபைக் குரு கௌசானல் அடிகள் அந்தச் சுவரை அகற்றினார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் ஏறி, சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். சுவர் திரும்பி வரவில்லை.

திருவிதாங்கூரிலேயும் காலம் மாறிற்று. தேவசகாயத்தைக் கொன்ற அதே அரச மரபில் வந்த மகாராஜா 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டு, ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கதவைத் திறந்தார். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லாக் குடிமக்களுக்கும் உரிமையாக்கியது. 1965 டிசம்பர் 7-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசம் எவர்மேலும் திணிக்கப்படலாகாது, எவரிடமிருந்தும் பறிக்கப்படவும் ஆகாது என்று சமயச் சுதந்திரம் பற்றிய தன் ஏட்டில் உலகறியப் போதித்தது. தன் கடந்த காலத்தில் எல்லாம் இப்படியே நடந்துவிடவில்லை என்பதையும் திருச்சபை அப்போது ஒப்புக்கொண்டது.

கோட்டாறு மறைமாவட்டத்தின் நீண்ட முயற்சிக்குப் பின், 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15-இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மணவாழ்வில் இருந்த இந்தியப் பொதுநிலையினர் ஒருவர் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் முறை. அதற்குமுன் ஒரு சிறு செய்தி நடந்தது; பலர் கவனிக்கவில்லை. அவர் பெயருக்குப் பின்னால் நெடுங்காலமாக நாம் சேர்த்து எழுதிவந்த பிள்ளை என்ற சாதிப் பெயரை எடுத்துவிட வேண்டுமென்று கேட்டவர்கள் இருந்தார்கள். உரோமை அதை ஏற்றுக்கொண்டது. தேவசகாயம் என்றே புனிதர் பட்டியலில் எழுதப்பட்டார். அவர் உயிரைக் கொடுத்து இறக்கி வைத்த சுமையை 270 ஆண்டுகளாக அவர் பெயரின்மேல் ஏற்றி வைத்திருந்தவர்கள் நாமே. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் நடுச்சுவர் நிற்கும் பங்குகள் தமிழகத்தில் உண்டு. அந்தச் சுவர்களை விதி கட்டவில்லை. கொத்தனாருக்குக் கூலி கொடுத்த கைகள் இருக்கின்றன. அவற்றை இடிக்கக் கடப்பாரை பிடிக்கவும் கைகள் இருக்கின்றன.

கணவர் சிறைப்பட்ட நாட்களில் ஞானப்பூ அம்மாள் பட்ட பாட்டை யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை. தேவசகாயத்தின் துணிவை மெச்சும்போது, ஒரு மனைவியை விதவையாக்கும் உரிமை அவருக்கு இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. அவர் எடுத்த முடிவின் பாரத்தில் பாதி அந்த அம்மாளின் தோளில் விழுந்தது. அவர் கணவரின் வழியில் இழுத்துச் செல்லப்பட்டவர் அல்லர் என்பது ஒன்றே இதற்கு நாம் தரக்கூடிய பதில். தயங்கி, யோசித்து, தாமே திருமுழுக்குப் பெற்றவர். கணவர் இறந்தபின் பழைய மறைக்குத் திரும்பித் தாய்வீட்டோடு சேர்ந்துகொள்ள அவருக்கும் வழி திறந்தே இருந்தது. அவர் போகவில்லை. கணவாயைக் கடந்து வடக்கன்குளத்துக்கு வந்து, விதவையாக, அந்நிய ஊரில், மேலும் 14 ஆண்டுகள் கிறிஸ்தவளாகவே வாழ்ந்தார். 1766-இல் அங்கேயே இறந்தார். அவரது கல்லறையும் வடக்கன்குளத்தில்தான் இருக்கிறது.